கேபி நம்பரைத் தேடி அலையாதீங்க தம்பி, பில்ட் நம்பரைப் பாருங்க

கேள்வி: வணக்கம் சார். புதுவயல்ல ஒரு ரைஸ் மில்லுல கணக்கு, கம்ப்யூட்டர் ரெண்டும் நான்தான் பாக்குறேன். மொத்தம் 11 சிஸ்டம். ஆபீஸ்ல 9 இருக்கு, எல்லாம் விண்டோஸ் 10. எடைமேடையில 2 இருக்கு, ரெண்டும் விண்டோஸ் 7. லோன் ரினிவலுக்காக ஒரு சிஸ்டம் ஆடிட்டர் வந்து பாத்துட்டு ஒரு எக்செல் ஷீட் அனுப்பிருக்காரு, அதுல 37 விண்டோஸ் அப்டேட்டோட கேபி நம்பர், எல்லாத்துக்கும் நேரா 'மிஸ்ஸிங்'னு சிகப்புல போட்ருக்கு. நான் செல்போன் ஹாட்ஸ்பாட்ல ஒன்னொன்னா டவுன்லோட் பண்ணி 9 ஃபைல் போட்டுப் பாத்தேன், ஒன்பதும் 'இந்த அப்டேட் உங்க கம்ப்யூட்டருக்குப் பொருந்தாது'ன்னே சொல்லுது. முதலாளி தினமும் என்னாச்சுன்னு கேக்குறாரு. புதுசு போட்டா பழசு அதுக்குள்ளயே வந்துரும்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றான், எதுக்குள்ள எது வருதுன்னு எப்படி சார் கண்டுபிடிக்கிறது? பழசையெல்லாம் டெலிட் பண்ணிரலாமா?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஹாட்ஸ்பாட்ட ஆஃப் பண்ணுங்க. விண்டோஸ் 10-க்கு வர்ற ஒரு மாசத்து அப்டேட்டே முக்கா ஜிபி கிட்ட இருக்கும், 37 ஃபைலையும் இறக்குறதுக்குள்ள உங்க டேட்டாவும் தீர்ந்துரும், முதலாளி பொறுமையும் தீர்ந்துரும். அதுல முப்பதுக்கு மேல உங்களுக்குத் தேவையே படாதுன்னு லிஸ்ட்டப் பாக்காமயே சொல்லுவேன். ஏன்னு சொல்றேன்.

எங்க அப்பா தேவகோட்டையில ஒரு செட்டியார் வீட்டுல கணக்குப்பிள்ளையா இருந்தவரு. பேரேட்டுல ஒரு பக்கம் முடிஞ்சா அடியில கூட்டுத்தொகை போட்டு, அடுத்த பக்கம் தலையில 'முன்பக்கத்து மொத்தம்'னு அதையே கொண்டுபோய் எழுதிட்டுத்தான் புதுசா பத்து வரவு எழுதுவாரு. நூறாவது பக்கத்துல நிக்கிறவனுக்கு முன்னாடி 99 பக்கத்து கணக்கும் அந்த ஒரு வரியில அடங்கிரும். விண்டோஸ் 10 வந்த 2015-ல இருந்து அதோட மாசாந்திர செக்யூரிட்டி அப்டேட் எல்லாமே இந்த மாதிரிதான், க்யுமுலேட்டிவ் அப்டேட்னு அதுக்குப் பேரு. இந்த மாசத்துது போட்டா அந்த வெர்ஷனுக்கு இதுவரைக்கும் வந்த எல்லா மாசத்துதும் உள்ள வந்துரும். உங்க ஃப்ரெண்ட் சொன்னது சரி. புதுசு பழசோட எடத்த எடுத்துக்குது, அதத்தான் மைக்ரோசாஃப்ட்காரன் 'சூப்பர்சீட்' ஆகுதுன்னு சொல்றான்.

இப்ப ஆடிட்டர் ஏன் சிகப்பு போட்டாருன்னு பாருங்க. அவரு கையில வச்சிருந்த ஸ்க்ரிப்ட் உங்க சிஸ்டத்துல 'போட்ட அப்டேட் லிஸ்ட்'ட எடுத்து, அவருகிட்ட இருக்குற கேபி லிஸ்ட்டோட ஒப்பிட்டுப் பாத்து, இல்லாததுக்கு மிஸ்ஸிங்னு எழுதிருச்சு, அவ்வளவுதான். ஆனா விண்டோஸ் 10-ல அந்த லிஸ்ட்ட எடுத்தா கடைசியா போட்ட மாசத்துது, டாட் நெட் (பல சாஃப்ட்வேர் ஓடுறதுக்கு அடியில இருக்குற மைக்ரோசாஃப்ட் சரக்கு) ஒன்னு, இன்னும் ரெண்டு மூணு சில்லறை, இவ்வளவுதான் காட்டும். பழைய மாசத்து நம்பரெல்லாம் காட்டாது, ஏன்னா அதெல்லாம் புதுசுக்குள்ள கரைஞ்சு போச்சு. நூறாவது பக்கத்த திறந்து வச்சுக்கிட்டு '37-ஆம் பக்கம் எங்க, காணோமே'ன்னு கேக்குற மாதிரி இது. ஆடிட்டரைக் குத்தம் சொல்லல, அவருக்கு குடுத்த டெம்ப்ளேட் அப்படி. ஆனா இதுமாதிரி டெம்ப்ளேட்ட வருஷா வருஷம் தூசி தட்டாம தூக்கிட்டு வர்றவங்க மேல எனக்கு கொஞ்சம் கோவம் உண்டு, மறைக்கல.

சரி, எதுக்குள்ள எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது. பெரும்பாலானவங்க கேபி நம்பர் பெருசா இருந்தா புதுசு, சின்னதா இருந்தா பழசுன்னு நெனச்சுக்கிறாங்க. அது தப்பு. கேபிங்கிறது நாலெட்ஜ் பேஸ்ங்கிறதோட சுருக்கம், அதாவது அந்த அப்டேட்டப் பத்தின கட்டுரையோட நம்பர், அவ்வளவுதான், வரிசை நம்பர் கிடையாது. ஒரு உதாரணம் சொல்றேன், உங்க ஆடிட்டர் லிஸ்ட்லயும் இது இருந்தா ஆச்சரியப்பட மாட்டேன். 2021 ஜூலையில பிரின்ட்நைட்மேர்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, பிரின்ட் ஸ்பூலர் வழியா எவனோ உள்ள வந்து சிஸ்டத்தயே எடுத்துக்கலாம். அதுக்கு அவசர அவசரமா ஜூலை 6-ஆம் தேதி ஒரு அப்டேட் விட்டாங்க, கேபி 5004945. அதுக்கு அடுத்த வாரம் ஜூலை 13 வழக்கமான மாசாந்திர அப்டேட், அது கேபி 5004237. பாத்தீங்களா, பின்னாடி வந்ததுக்கு நம்பர் சின்னது. நம்பரை வச்சுப் பாத்தா 5004945 தான் புதுசுன்னு தோணும், நெஜத்துல 5004237 அதை விழுங்கிருச்சு.

அப்ப எதைப் பாக்கணும்? பில்ட் நம்பர். விண்டோஸ் பட்டனோட ஆர் அழுத்தி வின்வெர்னு (winver) டைப் பண்ணுங்க, ஒரு சின்னப் பெட்டி வரும், அதுல 19045.6456 மாதிரி ஒரு நம்பர் இருக்கும். புள்ளிக்கு முன்னாடி இருக்குறது எந்த வெர்ஷன்னு சொல்லுது, 19045-ன்னா விண்டோஸ் 10-ல 22எச்2. புள்ளிக்குப் பின்னாடி இருக்குறதுதான் நமக்கு வேண்டியது, எந்த மாசம் வரைக்கும் அப்டேட் ஏறியிருக்குன்னு அது சொல்லும், அது ஏறிக்கிட்டேதான் போகும், எறங்காது. மேல சொன்ன உதாரணத்துல ஜூலை 6 அப்டேட்டோட பின்பகுதி 1083, ஜூலை 13-ஓடது 1110. கேபி நம்பர் நம்மள ஏமாத்துன எடத்துல பில்ட் நம்பர் உண்மையச் சொல்லுது.

2025-ல வந்ததையே எடுத்துக்கங்க. ஜனவரி மாசத்துது கேபி 5049981, பில்ட் 19045.5371. ஏப்ரல்ல கேபி 5055518, 5737. ஜூலையில கேபி 5062554, 6093. அக்டோபர் 14-ஆம் தேதி வந்தது கேபி 5066791, 6456. உங்க சிஸ்டம் 6456-ல நின்னா முன்னாடி சொன்ன மூணும் உள்ள இருக்கு, அதுக்கு முந்தின பிரின்ட்நைட்மேர் ஓட்டைய அடைச்சதும் உள்ள இருக்கு. இன்னொன்னு, 19041-ல இருந்து 19045 வரைக்கும் இருக்குற அஞ்சு வெர்ஷனும் அண்ணன் தம்பி மாதிரி, உள்ளுக்குள்ள ஒரே சரக்கு, அதனால புள்ளிக்குப் பின்னாடி இருக்குற நம்பர தைரியமா ஒப்பிடலாம். ஆனா 17763 வேற குடும்பம், விண்டோஸ் 11-ஓட 22631, 26100 இதெல்லாம் வேற வேற குடும்பம், அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. அதைப் போட்டுட்டு 'என் நம்பர் பெருசு'ன்னு சண்டைக்குப் போனவங்களைப் பாத்திருக்கேன்.

ஆடிட்டர் லிஸ்ட்ல ஒரு நம்பர் மேல சந்தேகம் வந்தா ரெண்டு எடத்துல பாருங்க. மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்னு ஒரு சைட் இருக்கு, அதுல அந்த கேபி நம்பரைத் தேடி, உங்க வெர்ஷனுக்கு நேரா இருக்குற தலைப்ப க்ளிக் பண்ணா சின்ன விண்டோ ஒன்னு திறக்கும் (பாப்-அப்ப ப்ரவுசர் தடுத்துரும், அனுமதி குடுக்கணும், இதுக்கே பாதி பேரு சைட் வேலை செய்யலன்னு வந்துர்றாங்க). அதுல பேக்கேஜ் டீட்டெயில்ஸ்னு ஒரு டேப். அங்க ரெண்டு பட்டியல் இருக்கும். ஒன்னு, இந்த அப்டேட்ட எதெல்லாம் மாத்தியிருக்குன்னு, இன்னொன்னு, இந்த அப்டேட் எதையெல்லாம் மாத்துதுன்னு. முதல்ல சொன்னது பேரன் பட்டியல், ரெண்டாவது தாத்தா பட்டியல்னு வச்சுக்கங்க. பேரன் பட்டியல்ல ஏதாவது இருந்தா நீங்க தேடுற நம்பர் பழசாயிருச்சுன்னு அர்த்தம். அந்தப் பட்டியல் காலியா இருந்தா அதுதான் கடைக்குட்டி, அதைத்தான் நீங்க போடணும் (விண்டோஸ் 10-க்கு காசு கட்டாதவங்களுக்கு 2025 அக்டோபர் 14-ல வந்ததுதான் கடைக்குட்டி, ஏன்னு கீழ சொல்றேன்).

இதுல ஒரு கண்ணி இருக்கு, கவனமா இருங்க. பேரன் பட்டியல்ல கடைசியா இருக்குறதோட தலைப்புல 'ப்ரிவியூ'ன்னு இருந்தா அதைத் தொடாதீங்க. மாசக் கடைசியில முன்னோட்டமா ஒன்னு விடுவாங்க, அதுல செக்யூரிட்டி புதுசா எதுவும் இருக்காது, அடுத்த மாசத்து வழக்கமான அப்டேட்ல அது தானா வந்துரும். கேட்டலாக்கப் பொறுத்தவரைக்கும் அதுவும் பழசை மாத்துற புதுசுதான், அதனால மேலயே உக்காந்திருக்கும். நெல் எடை போடுற எடத்துல முன்னோட்டம் எதுக்கு, அதுக்கு முந்தினதப் போடுங்க போதும்.

ரெண்டாவது எடம், மைக்ரோசாஃப்ட்டோட செக்யூரிட்டி அப்டேட் கைடு. முன்னாடியெல்லாம் எம்எஸ்17-010 மாதிரி புல்லட்டின் நம்பர் போட்டு, எது எதை மாத்துதுன்னு அதுலயே ஒரு பத்தி வச்சிருப்பாங்க, 2017-ல அதை நிறுத்திட்டு இந்த கைடுக்கு மாறிட்டாங்க. இதுல ஓட்டையோட சிவிஇ நம்பரை, அதாவது ஒவ்வொரு ஓட்டைக்கும் பொதுவா குடுக்குற அடையாள நம்பரை, போட்டா எந்த வெர்ஷனுக்கு எந்த கேபி, எந்த பில்ட்டுல சரியாச்சுன்னு வரும். பிரின்ட்நைட்மேருக்கு சிவிஇ 2021-34527. அந்த பில்ட்டும் உங்க பில்ட்டும் ஒரே குடும்பமா, உங்களுது பெருசா, ஆடிட்டருக்கு அதான் பதில்.

எனக்கு இந்தப் பாடம் 2017-ல கெடச்சுது, அசிங்கப்பட்டு கெடச்சுது. மே 12 வெள்ளிக்கிழமை வான்னாக்ரைனு ஃபைலெல்லாம் பூட்டி வச்சுப் பணம் கேக்குற வைரஸ் வந்துச்சு, சனிக்கிழமை காலையில காரைக்குடியில பாதிப் பேரு எனக்கு போன் பண்றாங்க, டிவியில காட்டிட்டாங்கல்ல. வாட்சப்ல ஒரு மெசேஜ் சுத்துது, 'கேபி 4012212 இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா செத்தீங்க'ன்னு. நானும் ஒரு ஃபைனான்ஸ் ஆபீஸ்ல உக்காந்து 20 விண்டோஸ் 7 சிஸ்டத்துல தேடுறேன், ஒன்னுலயும் அந்த நம்பர் இல்ல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒவ்வொன்னா அந்த ஃபைல போடப் பாக்குறேன், பாதி சிஸ்டம் 'பொருந்தாது'ங்குது, நீங்க இப்ப பாக்குறீங்களே அதே வரி. கடுப்புல மூணு சிஸ்டத்த ஃபார்மேட்டே பண்ணிட்டேன். அப்புறம் திங்கக்கிழமை நிதானமா படிச்சாத்தான் வெளங்குது, 4012212-ங்கிறது மார்ச் மாசத்து செக்யூரிட்டி-ஒன்லி, அதே மார்ச்சுக்கு இன்னொரு ரூபம் இருக்கு மன்த்லி ரோலப்னு, அது 4012215, ஏப்ரல்ல வந்தது 4015549, மே 9-ல வந்தது 4019264, இந்த மூணு ரோலப்ல எது இருந்தாலும் அந்த வைரஸ் நுழைஞ்ச ஓட்டை அடைபட்டாச்சு. அந்த ஆபீஸ்ல பாதி சிஸ்டத்துல மே மாசத்து ரோலப்பே ஏறியிருந்துச்சு. நான் ஃபார்மேட் பண்ண மூணும் அந்தப் பாதியிலதான்.

இந்தக் கதைய எதுக்கு சொல்றேன்னா, உங்க எடைமேடையில விண்டோஸ் 7 இருக்குல்ல, அதுல மட்டும் பேரேட்டுக் கணக்கு அப்படியே செல்லாது. 2016 அக்டோபர்ல இருந்து விண்டோஸ் 7-க்கு ரெண்டு ரூபத்துல விட்டாங்க. மன்த்லி ரோலப்ங்கிறது பேரேடு, முன்பக்கத்து மொத்தத்தோட வரும். செக்யூரிட்டி-ஒன்லிங்கிறது துண்டுச் சீட்டு, அந்தந்த மாசத்து செக்யூரிட்டி ஃபிக்ஸ் மட்டும்தான் அதுல இருக்கும், போன மாசத்துது இருக்காது. துண்டுச் சீட்டுல ஒன்னு தொலைஞ்சாலும் கணக்கு ஒதைக்கும், ஒன்னுவிடாம எல்லாத்தயும் போடணும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஃபிக்ஸ் தனியா வரும், அதையும் போடணும். கொஞ்சம் மெகாபைட் மிச்சம் பிடிக்கலாம்னு நெனச்சு துண்டுச் சீட்டு வழியில போனவங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். நீங்க ரோலப் வழியிலயே போங்க.

விண்டோஸ் 7-க்கு பொதுவா எல்லாருக்கும் விட்ட கடைசி ரோலப் 2020 ஜனவரி 14-ல வந்த கேபி 4534310. அதை நேரா போட்டா ஏறாது, அடித்தளம் வேணும். சர்வீஸ் பேக் 1 இருக்கணும், அப்புறம் கேபி 4490628, அது சர்வீசிங் ஸ்டாக், அதாவது அப்டேட்ட ஏத்துற கருவிக்கே வர்ற அப்டேட். அப்புறம் கேபி 4474419, ஃபைல் மைக்ரோசாஃப்ட்டோடதுதான்னு காட்டுற ஷா-2ங்கிற டிஜிட்டல் கையெழுத்த படிக்கிறதுக்கு, 2019 ஆகஸ்ட்டுக்கு அப்புறம் வந்த ஃபைல் எல்லாம் அந்தக் கையெழுத்தோடதான் வந்துச்சு, பழைய விண்டோஸ் 7-க்கு அதைப் படிக்கத் தெரியாது. ஒவ்வொன்னுக்கும் நடுவுல ரீஸ்டார்ட் பண்ணிட்டு கடைசியா ரோலப்பப் போடுங்க. ஆடிட்டர் லிஸ்ட்ல விண்டோஸ் 7-க்குன்னு 2016 அக்டோபருக்கு அப்புறம் இருக்குறதுல பெரும்பாலானது இந்த மூணு நாலு ஃபைல்ல தீர்ந்துரும். அதுக்கும் முந்தின காலத்து நம்பர் இருந்தா கேட்டலாக்ல ஒன்னொன்னா பாத்துக்கங்க, அந்தக் காலத்து அப்டேட் எல்லாம் தனித்தனிதான், சிலதுக்கு இன்னைக்கு வரைக்கும் பேரன் கிடையாது.

'பொருந்தாது'ன்னு வர்ற வரி இருக்கே, அதுக்குப் பொருள் மூணு இருக்கு, மூணுக்கும் ஒரே வார்த்தைய வச்சவனைத்தான் நான் தேடிக்கிட்டிருக்கேன். ஒன்னு, இதைவிடப் புதுசு உள்ள இருக்கு, சந்தோஷமா போங்க. ரெண்டு, ஃபைலே வேற, அதாவது 22எச்2-க்கு 1809-ங்கிற பழைய வெர்ஷனோட ஃபைலு, இல்ல 64 பிட் சிஸ்டத்துக்கு 32 பிட் ஃபைலு, ஒரே கேபி நம்பர்ல 32, 64 ரெண்டும் வரும்ங்கிறதால இது சகஜம். மூணு, முன்னாடி போட வேண்டியத போடல. முதல் ரகம்னா பில்ட் நம்பரே சொல்லிரும். உங்களோட ஒன்பதும் விண்டோஸ் 10-ன்னா எனக்கென்னமோ முதல் ரகம்தான்னு தோணுது. ஆனா விண்டோஸ் 10-லயும் மூணாவது ரகம் ஒரு காலத்துல இருந்துச்சு, சர்வீசிங் ஸ்டாக் தனியா வந்துக்கிட்டிருந்துச்சு, 2021 ஆரம்பத்துலதான் மாச அப்டேட்டோட சேத்து ஒரே பொட்டலமாக்குனாங்க. ரொம்ப நாளா பூட்டி வச்ச சிஸ்டத்த, 2020-லயே நின்னு போனத, இப்ப ஒரே தாவா தாவ வைக்கப் பாத்தா அடம் பிடிக்கும், அப்ப 2021 ஆகஸ்ட்டுல தனியா விட்ட கேபி 5005260-அ போட்டுட்டு அப்புறம் புதுசப் போடுங்க. புதுசுக்குள்ள பழசு எல்லாம் இருந்தாலும் சில பழசு வாசப்படி மாதிரி, அதை மிதிக்காம உள்ள போக முடியாது.

தனித்தனி வழியில போறதும் கொஞ்சம் இருக்கு. டாட் நெட்டுக்கு தனி க்யுமுலேட்டிவ், விண்டோஸோடதுக்குள்ள அது வராது. ஆபீஸுக்குத் தனி. விண்டோஸோட கூடவே வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டரோட வைரஸ் லிஸ்ட் எப்ப வந்தாலும் கேபி 2267602-ங்கிற ஒரே நம்பர்லதான் வரும், தினமும் வரும், அதுல பாக்க வேண்டியது உள்ள இருக்குற வெர்ஷன் நம்பர. மால்வேர் நீக்குற கருவி ஒன்னு அப்பப்ப வரும், அதுவும் எப்பவும் கேபி 890830 தான். இந்த ரெண்டு நம்பரும் ஆடிட்டர் லிஸ்ட்ல 'மிஸ்ஸிங்'னு இருந்தா அதை எழுதுனவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து உக்கார வச்சுப் பேசுங்க.

டெலிட் பண்ணலாமான்னு கேட்டீங்க. கையால எதையும் டெலிட் பண்ணாதீங்க. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள வின்எஸ்எக்ஸ்எஸ்னு ஒன்னு பெருசா உப்பிப்போய் இருக்கும், இடம் பத்தலன்னு அதுக்குள்ள கையை விட்டவங்க சிஸ்டம் எல்லாம் கடைசியில என்கிட்டதான் வந்துச்சு. பழசானத விண்டோஸே ஒரு 30 நாள் வச்சிருந்துட்டு தானா கழிச்சுரும், புதுசுல ஏதாவது கோளாறுன்னா திரும்பிப் போறதுக்குத்தான் அந்த 30 நாள். அவசரமா இடம் வேணும்னா கமாண்ட் ப்ராம்ப்ட்ட அட்மினா திறந்து, டிஸ்ம்னு (DISM) விண்டோஸுக்குள்ளயே இருக்குற கருவியில ஸ்டார்ட் காம்போனன்ட் க்ளீனப் ஓட்டுங்க. அதோட கூட ரீசெட்பேஸ்னு ஒன்னு சேத்துப் போடச் சொல்லுவாங்க, அதைப் போட்டா போட்ட அப்டேட் எதையும் அன்இன்ஸ்டால் பண்ண முடியாது, புது அப்டேட் போட்ட வாரத்துல அதைச் செய்யாதீங்க. அதே டிஸ்ம்ல கெட் பேக்கேஜஸ்னு கேட்டா ஒவ்வொன்னுக்கும் நேரா 'இன்ஸ்டால்டு', 'சூப்பர்சீடட்'னு நிலவரம் காட்டும், எது எதுக்கு வழிவிட்டுச்சுன்னு உங்க சிஸ்டமே வாக்குமூலம் குடுக்குற மாதிரி, அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலா எடுத்து ஆடிட்டருக்கு இணைச்சு விடலாம். க்ளீனப் ஓட்டுறதுக்கு முன்னாடி எடுங்க, ஓட்டுனா அந்த சாட்சியும் போயிரும்.

ஒம்போது சிஸ்டத்துக்கும் ஹாட்ஸ்பாட்ல தனித்தனியா இறக்காதீங்க. கேட்டலாக்ல இருந்து கடைக்குட்டி ஃபைல ஒருதடவை இறக்கி பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போய் எல்லாத்துலயும் போடலாம், இல்லைன்னா செட்டிங்ஸ்ல டெலிவரி ஆப்டிமைசேஷன்னு இருக்கும், லோக்கல் நெட்வொர்க்ல இருக்குற சிஸ்டங்களோட பகிர்ந்துக்கன்னு வச்சுட்டா ஒரு சிஸ்டம் இறக்குனத மத்தது வாங்கிக்கும். ஆபீஸுக்குள்ளயே அப்டேட்ட இறக்கி வச்சுப் பங்கிடுற டபிள்யூசஸ் சர்வர் வைக்கச் சொல்லி யாராவது சொல்லுவாங்க, 11 சிஸ்டத்துக்கு அது யானை கட்டித் தீனி போடுறது, 2024-ல மைக்ரோசாஃப்ட்டே அதுக்கு இனிமே புதுசா ஒன்னும் சேக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க.

எப்பப் போடுறதுங்கிறதுக்கும் எங்க ஊரு வழி ஒன்னு வச்சிருக்கேன். மாசத்துல ரெண்டாவது செவ்வாய்க்கிழமைதான் அவங்க விடுற நாளு, நமக்கு ராத்திரி பத்தரை பதினொன்றரை ஆயிரும். ஜனவரியில அந்த செவ்வாய்க்கு ஒரு வாரமாவது கழிச்சுத்தான் நாட்டரசன்கோட்டையில செவ்வாய்ப் பொங்கல் வரும், தைப் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வைக்கிறது அது. ஜனவரி அப்டேட்ட ஒரு சிஸ்டத்துல மட்டும் போட்டு வச்சுட்டு, நாட்டரசன்கோட்டைக்குப் போய்ப் பொங்கல் வச்சுட்டு வந்து, பிரின்டரும் டாலியும் ஒழுங்கா ஓடுதுன்னா மத்ததுக்கும் போடுவேன். மத்த மாசத்துக்கும் அதே ஒரு வாரக் கணக்குதான். பிரின்ட்நைட்மேர் மாதிரி அவசரமா நடுவுல விட்டா மட்டும் அந்த வாரத்த எல்லாம் பாக்காம உடனே போட்ருங்க.

கசப்பான ஒன்னையும் சொல்லிடுறேன், 37 நம்பரை விட அதுதான் முக்கியம். விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட நின்னு போச்சு. 6456-ல நிக்கிற சிஸ்டம் அதுவரைக்கும் வந்த கணக்குக்கு சுத்தம், அதுக்கப்புறம் கண்டுபிடிச்ச ஓட்டைக்கு இல்ல. பேரேட்டுல அடுத்த பக்கம் வேணும்னா இஎஸ்யூன்னு, அதாவது எக்ஸ்டெண்டட் செக்யூரிட்டி அப்டேட்டுக்கு, காசு கட்டணும், கம்பெனிகளுக்கு முதல் வருஷம் சிஸ்டத்துக்கு 61 டாலர், அடுத்தடுத்த வருஷம் ரெட்டிப்பாகும், மூணு வருஷம் வரைக்கும்தான். ஒம்போது சிஸ்டத்துல எது எது விண்டோஸ் 11 தாங்கும்னு பாத்து, தாங்குறத மாத்துங்க, தாங்காததுக்கு முதலாளிகிட்ட பேசுங்க. பழைய கேபி நம்பரைத் தேடி ஆடிட்டர் சிகப்பு போட்ட எடத்துல இதை அவரு கேட்டிருந்தா நான் அவருக்கு சால்வையே போட்ருப்பேன்.

ஆடிட்டருக்கு பதில் எழுதுறப்ப சண்டை போடாதீங்க. அவரு எக்செல்லயே பக்கத்துல மூணு காலம் சேருங்க: அந்த கேபி எந்த பில்ட்டுல வந்துச்சு, அதை மாத்துன கடைசி கேபி எது, நம்ம சிஸ்டம் இப்ப எந்த பில்ட்டுல இருக்கு. வின்வெர் பெட்டிய ஒவ்வொரு சிஸ்டத்துலயும் போட்டோ எடுத்து இணைங்க. நெஜமாவே விடுபட்டது ரெண்டு மூணு தேறும், டாட் நெட்டுல இருக்கும்னு என் கணிப்பு, அதை ஒத்துக்கிட்டு தேதி குடுத்துருங்க. முப்பத்தேழுக்கும் மறுப்பு எழுதுனா நம்ப மாட்டாரு.

எடைமேடை சிஸ்டம் ரெண்டையும் நெட்டுல இருந்து கழட்டிருங்க, எடைச் சீட்டு ஆபீஸுக்கு வரணும்னா அதுக்கு மட்டும் ஒரு வழி விட்டு மத்தத அடைச்சுருங்க. அப்டேட் போடுறதுக்கு முன்னாடி முழு டிஸ்க்கயும் ஒரு இமேஜா எடுத்து வச்சுக்கங்க, எடைமேடை சாஃப்ட்வேர் போட்டவரு இன்னும் போன் எடுக்குறாரான்னும் ஒருதடவை கூப்பிட்டுப் பாத்துக்கங்க, டாங்கிளோட (சாஃப்ட்வேர் ஓடுறதுக்கு சாவி மாதிரி சொருகுறது) டிரைவர் போயிருச்சுன்னா அவரு இல்லாம ஒன்னும் ஆகாது. நெல் வண்டி வரிசைகட்டி நிக்கிற அறுப்பு நேரத்துல இந்த வேலைய வச்சுக்காதீங்க, மில்லு லீவு நாளாப் பாத்து காலையிலயே ஆரம்பிங்க.